நடைமுறைக் கணக்கும் காசோலையும்: சப்பிரகமுவச் சிறுதோட்டக்காரர்க்கும் தோட்டத் தொழிலாளர்க்கும் சில அறிவுரைகள்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் கொழுந்தின் விலையும், இறப்பர்ப் பாலின் விலையும், நடுகைக்கான அரசாங்க மானியமும், நலன்புரிக் கொடுப்பனவுகளும் வரவர வங்கிக் கணக்கின் வழியாகவே மக்களைச் சென்றடைகின்றன. 2023ஆம் ஆண்டில் அஸ்வெசும திட்டம் தொடங்கியபோது, அக்கொடுப்பனவைப் பெறுவதற்கென்றே முதன்முறையாக வங்கியின் வாயிலை மிதித்த தோட்டக் குடும்பங்கள் பல. ஊழியர் சேமலாப நிதியைப் பெறுவதற்கும் கணக்கு வேண்டும். ஆகவே கணக்குத் தொடங்குவதா வேண்டாமா என்னும் வினா இப்பொழுது இல்லை. எத்தகைய கணக்கைத் தொடங்குவது, அதை எவ்வாறு காப்பது என்பவையே அறிய வேண்டியவை. இப்பிரசுரம் சிறப்பாக நடைமுறைக் கணக்கைப் பற்றியும், அதனோடு கைக்கு வரும் காசோலைப் புத்தகத்தைப் பற்றியும் கூறுகின்றது.

சேமிப்புக் கணக்கா, நடைமுறைக் கணக்கா?

இரண்டும் ஒன்றென நினைப்போர் உளர். அவ்வாறன்று. சேமிப்புக் கணக்கில் இடும் பணத்துக்கு வங்கி வட்டி கொடுக்கும். பாஸ் புத்தகமோ ஏடிஎம் அட்டையோ தரும். நடைமுறைக் கணக்கில் உள்ள பணத்துக்குப் பொதுவாக வட்டி இல்லை. அதற்குப் பதிலாக, நீங்கள் காசோலை எழுதி யாருக்கும் பணங் கொடுக்கலாம். காசோலைப் புத்தகத்துக்கும் கணக்கைப் பேணுவதற்கும் வங்கி கட்டணம் அறவிடும். குறிப்பிட்ட தொகைக்குக் கீழே இருப்பு இறங்கினால் அதற்கும் கட்டணம் உண்டு. இக்கட்டணங்கள் வங்கிக்கு வங்கி வேறுபடுவதால், கையெழுத்திடுமுன் கட்டண அட்டவணையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கேட்பதற்குக் கூசவேண்டியதில்லை.

நாட்சம்பளத்தில் வாழும் தொழிலாளி ஒருவருக்கு நடைமுறைக் கணக்கு தேவையில்லை என்பதே எமது துணிபு. அவருக்குச் சேமிப்புக் கணக்கே போதும்; காசோலைப் புத்தகத்தால் செலவும் தொல்லையுமே மிஞ்சும். ஆனால் ஓரிரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர், மாதந்தோறும் உரக்கடைக்கும் கொழுந்து பறிப்போருக்கும் வாகனக் கூலிக்கும் பணங் கொடுப்பவர், அயலாரின் கொழுந்தைச் சேகரித்துத் தொழிற்சாலைக்கு அனுப்புபவர், சிறு கடை நடத்துபவர் ஆகியோருக்கு அது பெரிதும் பயன்படும். பெருந்தொகையை மடியில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போகவேண்டியதில்லை. யாருக்கு எவ்வளவு எந்நாளிற் கொடுத்தோம் என்பதற்கு வங்கியின் பதிவே சாட்சியாக நிற்கும். அத்தகையோரும் சேமிப்புக் கணக்கொன்றை வேறாக வைத்து, நடைமுறைக் கணக்கில் மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் நிறுத்துதல் நன்று.

எவ்வங்கியை நாடுவது?

இந்நாட்டில் சிறு சேமிப்புக்கென அமைந்த நிலையங்கள் பழமையானவை. இலங்கைச் சேமிப்பு வங்கி 1832இலும், தபாலகச் சேமிப்பு வங்கி 1885இலும் தோன்றின. இவ்விரண்டும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தேசிய சேமிப்பு வங்கியுடன் இணைக்கப்பட்டன. இலங்கை வங்கி 1939இலும், மக்கள் வங்கி 1961இலும் நிறுவப்பட்டன. கிராமிய மக்களுக்கென 1985 முதல் எழுந்த பிராந்திய வங்கிகளின் வழிவந்தவை 2010இல் ஒன்றாகிப் பிரதேச அபிவிருத்தி வங்கியாயின. கேகாலை மாவட்டத்தில் 1978 முதல் புத்துயிர் பெற்ற சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களையும் பலர் அறிவர். இவற்றுள் எது சிறந்தது எனக் கூறுவது இத்திணைக்களத்தின் பணியன்று. எனினும், பலாங்கொடைக்கோ எட்டியாந்தோட்டைக்கோ போய்வர ஒருநாட் சம்பளத்தை இழக்க வேண்டியிருப்பின், சற்று அதிக வட்டி தரும் தூரத்து வங்கியைவிட அருகிலுள்ள கிளையே இலாபமானது. உங்கள் மொழியிற் பேசும் அலுவலர் அங்கே உளரா என்பதையும் பாருங்கள்.

மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் பெற்ற நிறுவனமா என்பது எல்லாவற்றினும் முக்கியமானது. 2010ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட வைப்புக் காப்புறுதித் திட்டத்தின்படி, அனுமதி பெற்ற வங்கியோ நிதிக் கம்பெனியோ முறிந்து போனாலும், வைப்பாளர் ஒருவருக்குக் குறித்த எல்லை வரை ஈடு கிடைக்கும். அவ்வெல்லை 2021இல் 11 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. மாதம் பத்து வீதம் தருகிறோம், நண்பர் இருவரைச் சேர்த்தால் மேலுந் தருகிறோம் என்று லயத்துக்கு வந்து சொல்வோரிடம் இடும் பணத்துக்கு இக்காப்பு எதுவும் இல்லை.

பெயரும் முகவரியும்

கணக்குத் தொடங்கத் தேசிய அடையாள அட்டையும், வதிவிடத்தை உறுதிப்படுத்தும் பத்திரமும் வேண்டும். நடைமுறைக் கணக்காயின், அவ்வங்கியில் ஏற்கெனவே கணக்குள்ள ஒருவரின் அறிமுகத்தையும் கேட்பது வழக்கம். 2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடல் சட்டம், வாடிக்கையாளர் யார் என்பதை வங்கி சரிபார்த்தே ஆகவேண்டும் என்கிறது. ஆகவே அலுவலர் பல கேள்விகளைக் கேட்பது உங்கள்மேல் ஐயங்கொண்டு அன்று.

தோட்ட மக்களுக்கு இவ்விடத்தில்தான் இடர்ப்பாடு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட குடும்பங்கள் பல தலைமுறையாகப் பத்திரமின்றி வாழ்ந்தன. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கியபோதிலும், பத்திரங்களில் படிந்த பிழைகள் அதனால் தாமே நீங்கிவிடவில்லை. பிறப்புச் சான்றிதழில் பழனியம்மாள். அடையாள அட்டையில் பளனியம்மா. தோட்டத்துச் செக்ரோலிலும் சேமலாப நிதி ஏட்டிலும் பலனியம்மா. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதித் திரும்பத் தமிழுக்கு வந்தபோது ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றாகிவிட்டன. அவர் ஒருவரே என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். கணக்கேட்டுக்கோ அவர் மூவர்.

இப்பிழை சிறிதெனத் தோன்றலாம். ஆனால் ஊழியரின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 பங்கும், தொழில் கொள்வோரிடமிருந்து 12 பங்கும் மாதந்தோறும் சேமலாப நிதிக்குச் செல்கின்றன. முப்பது ஆண்டு கொழுந்து பறித்த ஒரு பெண்மணியின் வாழ்நாட் சேமிப்பு முழுவதும், ஐம்பது வயதில் அதைக் கேட்டு விண்ணப்பிக்கும்போது, ஓரெழுத்தின் பொருட்டு மாதக்கணக்கில் தடைப்படக் கூடும். ஆதலின் கணக்குத் தொடங்குமுன் பத்திரங்கள் யாவற்றையும் மேசைமேல் ஒருங்கே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பெயர் வேறுபட்டால், முதலில் தோட்ட அலுவலகத்திலும் கிராம உத்தியோகத்தரிடமும் கூறி, பதிவாளர் அலுவலகத்தில் திருத்தவோ, இரு பெயரும் ஒருவருக்கே உரியவை எனச் சத்தியக் கடதாசி முடிக்கவோ ஆவன செய்யுங்கள். வேலையில் இருக்கும்போது இது ஓரிரு நாள் அலைச்சல். ஓய்வு பெற்றபின், பழைய கிளார்க் மாறிப்போய், பழைய ஏடும் காணாமற் போனபின், அது பேரலைச்சல். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அடையாள அட்டையை நீங்கள் பெற்றிருந்தால், பழைய இலக்கத்தோடு தொடங்கிய கணக்கிலும் புதியதைப் பதிவித்துக்கொள்ளுங்கள்.

முகவரியும் அவ்வாறே. லயத்துக்கு வரும் கடிதங்கள் பல தோட்டங்களில் அலுவலகத்தில் ஒன்றாக இறக்கப்பட்டு, கைமாறிக் கைமாறியே உரியவரை அடைகின்றன; சில அடைவதேயில்லை. காசோலைப் புத்தகத்தையும் அட்டையையும் தபாலில் அனுப்பச் சொல்லாது, வங்கிக்குச் சென்று கையொப்பமிட்டு நேரிலே பெற்றுக்கொள்ளுங்கள்.

கணக்கு யாருடைய பெயரில்?

மனைவியின் சம்பளத்தைக் கணவன் பெற்றுச் செல்லும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. சம்பள நாளன்று மாலைக்குள் அப்பணம் எங்கே போயிற்று என்பதை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. உழைப்பவர் எவரோ அவர் பெயரிலேயே கணக்கு இருத்தல் முறை. குடும்பச் செலவுக்குக் கூட்டுக் கணக்கு வேண்டுமாயின், இருவரும் கையொப்பமிட்டாலன்றிப் பணம் எடுக்க இயலாதவாறும் அதைத் தொடங்கலாம்; எவரேனும் ஒருவர் கையொப்பமிட்டால் போதும் என்றும் தொடங்கலாம். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விண்ணப்பத்தில் ஒரு சிறு கட்டம் தீர்மானிக்கிறது. அக்கட்டத்தை நீங்களே நிரப்புங்கள். கணக்காளர் இறப்பின் பணம் யாரைச் சேரவேண்டும் என்பதற்கு நியமனதாரர் பெயரையும் அப்போதே எழுதிவிடுங்கள்.

காசோலை எழுதும் முறை

காசோலையைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய எம்மொழியிலும் எழுதலாம், தமிழிற் கையொப்பமிடலாம். கணக்குத் தொடங்கும் நாளில் இட்ட கையொப்பத்தைப் போன்றே எந்நாளும் இடவேண்டும் என்பதே நியதி. கரிய மையினால் எழுதுக. திகதி, பெறுபவர் பெயர், எழுத்தால் தொகை, எண்ணால் தொகை என்னும் இவற்றுள் ஒன்றையும் வெறுமையாக விடற்க. எழுத்தாலான தொகையின் இறுதியில் 'மட்டும்' என எழுதி, எஞ்சிய இடத்தைக் கோடிட்டு அடைக்க. எண்ணை ரூபாக் குறியோடு ஒட்டி எழுதாவிடில், முன்னால் ஓர் எண்ணை நுழைக்க இடங் கொடுத்தவராவீர்கள். பிழைபட எழுதினால் வெட்டித் திருத்தாது, அவ்விதழைக் குறுக்கே கிழித்து வேறொன்று எழுதுவதே மேல்.

இடப்பக்க மூலையில் இரு சாய்ந்த கோடுகள் இட்டால் அது குறுக்குக் கோடிட்ட காசோலையாகும். அதை வங்கிக் கருமபீடத்தில் நீட்டிக் காசாகப் பெற இயலாது. ஒரு கணக்கில் வைப்பிட்டே பெறவேண்டும். வழியில் தொலைந்தாலும், எடுத்தவர் எளிதிற் காசாக்க முடியாது. உரக்கடைக்கோ வாகனக்காரருக்கோ கொடுக்கும் காசோலைகளை எப்பொழுதும் குறுக்குக் கோடிட்டே கொடுங்கள். இதழோ புத்தகமோ தொலைந்தால், தேடிப் பார்ப்போம் என்று மறுநாள் வரை காத்திராது, கொடுப்பனவை நிறுத்துமாறு வங்கிக்கு உடனே அறிவியுங்கள்.

இருப்பு வேறு, செலவிடக்கூடிய பணம் வேறு

நடைமுறைக் கணக்கு வைத்திருப்போர் இடறி விழும் இடம் இதுவே. ஆகவே ஓர் உதாரணத்தினால் விளக்குவோம். காவத்தைப் பக்கத்தில் ஓர் ஏக்கர் தேயிலை உடைய ஒருவரின் கணக்கில், மாதம் முதலாந் திகதி 18,400 ரூபா இருப்பதாகக் கொள்வோம். மூன்றாந் திகதி உரக்கடைக்கு 31,500 ரூபாவுக்கு, பதினைந்தாந் திகதியிட்ட காசோலையொன்று கொடுக்கிறார். பத்தாந் திகதி தொழிற்சாலையிலிருந்து 45,000 ரூபா வருமென்பது அவர் கணிப்பு. எட்டாந் திகதி அட்டையினால் 6,000 எடுக்கிறார், மீதி 12,400.

பத்தாந் திகதி கொழுந்துப் பணம் வருகிறது. ஆனால் சென்ற மாதம் ஓயாத மழை. ஈரக் கொழுந்துக்கு நிறை கழித்திருக்கிறார்கள். முன்பு வாங்கிய முற்பணமும் தேயிலைத் தூளின் விலையும் கழிந்திருக்கின்றன. வந்தது 27,850 மட்டுமே. கணக்கில் இப்போது 40,250. பன்னிரண்டாந் திகதி கொழுந்து பறித்தோருக்குக் கூலி கொடுக்க 12,000 எடுக்கிறார். ஏடிஎம் பொறி 28,250 ரூபா மீதி எனக் காட்டுகிறது. பெரும் பணம் இருப்பதாக அவர் எண்ணுகிறார். பதினைந்தாந் திகதி உரக்கடையின் காசோலை வருகிறது. 3,250 ரூபா குறைவு. வங்கி அதைத் திருப்பி அனுப்புகிறது.

அவர் பேராசைக்காரரல்லர், பொய்யரும் அல்லர். காசோலையின் அடியிதழில் மீதியை எழுதவில்லை, அவ்வளவே. காசோலை எழுதிய அன்றே 31,500 ரூபாவைத் தம் கணக்கேட்டிற் கழித்திருந்தால், பத்தாந் திகதி கையில் உண்மையாக இருப்பது 40,250 அன்று, 8,750 மட்டுமே எனக் கண்டிருப்பார். கூலியில் ஒரு பகுதியைச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்திருப்பார். அல்லது உரக்கடைக்காரரிடம் முன்கூட்டிப் பேசியிருப்பார். கணக்கு எழுதுவதில் விதி ஒன்றே: எழுதிய காசோலையை எழுதிய அன்றே கழியுங்கள், வரவேண்டிய பணத்தை வந்தபின்னரே கூட்டுங்கள். வங்கி மாதந்தோறும் தரும் கூற்றில் காணாத காசோலைகள் எவையென அடியிதழ்களோடு ஒப்பிட்டுக் குறித்து வைத்தால், இன்னும் வங்கிக்கு வராத கொடுப்பனவுகள் தெரியவரும்.

முன்னாளில் தூரத்து வங்கிக் காசோலையொன்று மாறிவரப் பல நாட்கள் சென்றன. அந்த இடைவெளியை நம்பிக் காசோலை எழுதிய முதியோர் சிலர் இன்றும் அவ்வாறே எண்ணுகின்றனர். 2006ஆம் ஆண்டு முதல் காசோலையின் படம் மின்வழியே அனுப்பப்படுவதால், நாட்டின் எப்பகுதியிலும் அடுத்த வேலைநாளிலேயே அது தீர்க்கப்படுகிறது. எழுதும் நாளில் பணம் இருக்கவேண்டும்.

பருவத்தையும் கருத்திற் கொள்ளுங்கள். இறப்பர் இலையுதிரும் ஆண்டுத் தொடக்கத்தில் பால் குறையும். மே, ஜூன் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை மழையால் பால் வெட்டும் நாட்கள் வீணாகும். தாழ்நாட்டுத் தேயிலையில் தை, மாசி மாதத்து வரட்சியின்போது கொழுந்து குறைந்து, அதன் பணக் குறைவு அடுத்த மாதமே கணக்கில் தெரியும். மழைமாதத்துக்குப் பின் எழுதும் காசோலைகளைச் சென்ற ஆண்டு அதே மாதத்து வரவைக் கொண்டு மதிப்பிடுதல் நலம். சென்ற மாத வரவைக் கொண்டு மதிப்பிடுதல் ஏமாற்றும்.

திரும்பிய காசோலை

கணக்கிற் பணமில்லை என அறிந்தும் காசோலை எழுதிக் கொடுத்தல், 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தினால் குற்றமாக்கப்பட்டது. தண்டப்பணம் மட்டுமன்றிச் சிறைத்தண்டனையும் அச்சட்டத்தில் உண்டு. திருப்பிய காசோலைக்கு வங்கி கட்டணம் அறவிடும்; பலமுறை நேர்ந்தால் கணக்கையே மூடிவிடும். கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையிலும் அது இடம்பெறும். பின்னர் மீள்நடுகைக்குக் கடன் கேட்டுச் செல்லும்போது அவ்வறிக்கையே முன்னே நிற்கும். காசோலை திரும்பிவிட்டதென அறிந்தால் மறைந்து திரியாது, அன்றே உரியவரைச் சென்று கண்டு பணத்தைக் கொடுத்து, காசோலையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இதனினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. வட்டிக்குப் பணங் கொடுப்போர் சிலர், கடனுக்குப் பிணையாகத் தொகையும் திகதியும் எழுதாத, கையொப்பம் மட்டும் இட்ட காசோலைகளைக் கேட்கின்றனர். இருபதாயிரம் கடன் வாங்கியவர் கொடுத்த வெற்றிதழில் இரண்டு இலட்சம் என எழுதுவதை எவர் தடுப்பார்? மகளின் திருமணமோ மருத்துவச் செலவோ எத்துணை நெருக்கினும், வெற்றுக் காசோலையிற் கையொப்பமிடாதீர்கள். 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒழிக்கும்வரை, தோட்டத் தொழிலாளியின் கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டே அவன் எத்தோட்டத்துக்குப் போகலாம் என்பதைத் தீர்மானித்தது. பிறர் எழுதிய அத்தொகையை அவனால் வாசிக்கவும் இயலவில்லை. கையொப்பமிட்ட வெற்றுக் காசோலை, நாமே விரும்பி எழுதிக் கொடுக்கும் துண்டாகும்.

அட்டை, இரகசிய இலக்கம், இரவற் கணக்கு

ஏடிஎம் அட்டையின் இரகசிய இலக்கத்தை அட்டையின் பின்புறத்திலோ உறையிலோ எழுதி வைப்போர் பலர். கடைக்காரரிடம் கடனுக்குப் பிணையாக அட்டையையும் இலக்கத்தையும் சேர்த்தே ஒப்படைத்து விடுவோரும் உளர். சம்பளம் விழுந்த அன்றே கடைக்காரர் அதை எடுத்துக்கொள்கிறார், கணக்காளர் தம் வருமானத்தைக் கண்ணாலும் காண்பதில்லை. இவ்வழக்கத்தை விட்டொழியுங்கள். தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை வங்கி அலுவலர் எவரும் கேட்கமாட்டார்; கேட்பவர் திருடர் என்றே கொள்க.

உங்கள் கணக்கில் ஒரு தொகை வரும், அதை எடுத்துத் தந்தால் உங்களுக்குக் கூலி உண்டு என்று யாரேனும் கூறினால் இசையாதீர்கள். களவாடிய பணம் இவ்வழியே நகர்த்தப்படுகிறது. பொலிசார் தேடி வருவது கணக்கு யார் பெயரில் உள்ளதோ அவரையே.

கைவிடப்பட்ட கணக்கும் மூடுதலும்

கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குச் சென்று கணக்கை மறந்துவிடுவோர் பலர். பத்து ஆண்டுகள் எவ்விதக் கொடுக்கல்வாங்கலும் இன்றிக் கிடக்கும் கணக்கின் பணம், கைவிடப்பட்ட சொத்தாகக் கருதப்பட்டு மத்திய வங்கிக்கு மாற்றப்படும். உரியவரோ அவரது உரித்தாளரோ வங்கி மூலம் அதைத் திரும்பக் கோரலாம். ஆயினும் அதற்குப் பத்திரங்களும் பொறுமையும் வேண்டும். பெற்றோர் இறந்தபின் பழைய பாஸ் புத்தகமோ வைப்புச் சீட்டோ பெட்டியில் அகப்பட்டால், எரித்துவிடாது கிளைக்குக் கொண்டுசென்று விசாரியுங்கள்.

நடைமுறைக் கணக்கு இனி வேண்டாமெனின், வெளியிற் கொடுத்த காசோலைகள் யாவும் வங்கியை வந்தடைந்தனவா என அடியிதழ்களைக் கொண்டு முதலிற் பாருங்கள். வந்தடைந்திருப்பின், எழுதாத இதழ்களையும் அட்டையையும் கிளையில் ஒப்படைத்து, எழுத்து மூலம் மூடக் கோரி, மீதிப் பணத்தையும் மூடியதற்கான கடிதத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள். அடியிதழ்களைச் சில ஆண்டுகளேனும் பத்திரப்படுத்தி வையுங்கள். உரக்கடைப் பற்று எப்பொழுது தீர்ந்தது என்னும் வழக்கு வந்தால் அவை உதவும்.